இரண்டு அய்யம்மாள்கள்

நாகஜோதி திருத்தங்கலில் ஓர் அச்சகத்துக்கு லிஸ்ப் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். பட்டாசின் பெயரைத் தட்டினால் அதன் லேபிள் எந்த அலமாரியில் இருக்கிறதென்று சொல்லும் சின்னத் தரவுக் கோப்புகள் அவள் கைவேலை. ஒரு பெயருக்கு ஒரு விடை, அவ்வளவுதான்.

சொந்த ஊரான தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி ஒன்று வெடித்த மத்தியானம், மடிக்கணினியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கருகியவர்களை வேனில் அள்ளிவந்து இறக்கினார்கள். தூக்கிய கையோடு தோல் உரிந்து வந்தது. யாரை எங்கே கொண்டுபோனார்களென்று தெரியாமல் சனம் மார்பில் அடித்துக்கொண்டது. நாகஜோதி வாசற்படியில் உட்கார்ந்து புதுக் கோப்பொன்றை உருவாக்கினாள். பெயரைக் கொடுத்தால் இடம் வரும்படி, வேன்காரர்கள் சொல்லச்சொல்ல ஏற்றினாள்.

ஊர்க்காவலன் என்ற ஒருவன் ஓடிவந்தான். "எம் பொஞ்சாதி அய்யம்மா எங்கன இருக்கா தாயி?"

தட்டிப் பார்த்தாள். பிணவறை என்று வந்தது. சொன்னாள்.

ஊர்க்காவலன் பிணவறைக்கு ஓடினான். அங்கே முகம் எரிந்துபோன ஓர் உடலைக் கட்டிக்கொண்டு மாரீஸ்வரன் என்பவன் அழுதுகொண்டிருந்தான்.

"ஏலே, எம் பொண்டாட்டி மேலருந்து கைய எடுலே!"

"எங்கம்மாலே இது!"

ஊர்க்காவலன் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். மாரீஸ்வரன் இரும்புக்கம்பி ஒன்றை எடுத்து அவன் தோளில் இறக்கினான். இரண்டு பக்கத்து ஆட்களும் புகுந்தார்கள். பல் தெறித்தது. உடல் கிடந்த தள்ளுவண்டி சாய்ந்தது.

சத்தம் கேட்டு வந்த நாகஜோதி, "உங்கம்மா பேரென்ன?" என்று கத்தினாள்.

"அய்யம்மா!"

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கோப்பில் அதே பெயரில் இரண்டாவது விடையை ஏற்றினால் முதல் விடை அழிந்துவிடும். முதலில் ஏற்றிய அய்யம்மாளை அவளே அழித்திருந்தாள்.

"நிறுத்துங்கண்ணே! ரெண்டு அய்யம்மா இருக்காக!"

குறுக்கே பாய்ந்தவளின் புருவத்தை மாரீஸ்வரன் வீசிய கம்பி பிளந்தது. வழிந்த ரத்தத்தோடு ஊர்க்காவலனைத் தீக்காய வார்டுக்கு இழுத்துப்போனாள். படுக்கை படுக்கையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கட்டுத் துணிக்குள்ளிருந்து ஒரு குரல், "வந்துட்டீகளா?" என்றது. ஊர்க்காவலன் தரையில் விழுந்து அழுதான்.

புருவத்தில் தையல் போட்டதும் நாகஜோதி வேறொரு கோப்பை உருவாக்கினாள். பெயரோடு ஊரையும் வீட்டார் ஒருவர் பெயரையும் சேர்த்தாள். ஏற்கெனவே உள்ள பெயர் வந்தால் நிறுத்திக் கேட்கும்படி செய்தாள்.

ஊர்க்காவலனின் அய்யம்மாள் பிழைத்தாள்; வலதுகை விரல்கள்தான் போயின. தன் அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள் மாரீஸ்வரன் நாகஜோதி வீட்டு வாசலில் வந்து நின்றான். அவள் புருவத்தைப் பார்க்க முடியாமல் தலைகுனிந்தான்.

"தப்பு எம்மேலதாண்ணே" என்றாள் அவள்.

அவன், "எங்கம்மா பேரு இப்ப அதுல இருக்கா?" என்று கேட்டான்.

அவள் கோப்பைத் திறந்து, மகன் மாரீஸ்வரன் என்ற பெயரோடு இருந்த அய்யம்மாளைக் காட்டினாள்.