காயாத பெயிண்டும் மலை ஏறின ஆட்டோவும்

வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற தொழில்ல பாதி வேலைதான் அடிக்கிறது. மீதி வேலை, அடிச்ச பெயிண்டை அடிச்ச இடத்துலயே நிக்க வைக்கிறது. வீட்டு கேட்டுக்குப் பிரஷ் பிடிச்சவங்களுக்குக்கூட இந்த அவஸ்தை தெரியும். அடிக்கும்போது பளபளன்னு இருக்கும், டீ குடிச்சிட்டு வந்து பாத்தா கோடு கோடா இறங்கியிருக்கும். திருத்தணி பைபாஸ்ல ஷெட் வச்சிருக்கிற என் பொழப்பும் அதுதான், கேளுங்க.

சுத்தினா நிக்கும்

அம்மையார்குப்பத்துல விசைத்தறி ஓட்டுற தேவராஜுலு, தறியோட இரும்பு உருளைங்க ரெண்டு கொண்டாந்தார். முதல் உருளையை ரெண்டு ஸ்டாண்டு மேல படுக்க வச்சுப் பச்சை பெயிண்ட் அடிச்சேன். அடிப்பக்கம் பூரா திரண்டு சொட்டுச் சொட்டா தொங்குச்சு. துடைச்சிட்டு மறுபடி அடிச்சேன், மறுபடி தொங்குச்சு. பாத்துக்கினு இருந்த மனுசன் எழுந்து வந்து, உருளை முனையைப் பிடிச்சு மெல்லச் சுத்த ஆரம்பிச்சார். கீழே வழியப் பாக்குற பெயிண்ட், வழியறதுக்குள்ள மேலே வந்துடுது. அப்படியே சுத்திச் சுத்தி, சொட்டு இல்லாம காஞ்சுடுச்சு.

எனக்கு ரோசம். என் தொழிலை எனக்கே சொல்லித் தர்றாரேன்னு, அடுத்த உருளையை விர்ருன்னு சுத்தினேன். அவர் வெள்ளை வேட்டி முழுக்கப் பச்சைப் புள்ளி. வேட்டியைப் பாத்துட்டு நிதானமாச் சொன்னார்: "மெதுவா சுத்துனா உருளைக்கு, வேகமா சுத்துனா எனக்கு. யாருக்கு அடிக்கிறதுன்னு முடிவு பண்ணிக்க நைனா."

பள்ளம்

கே.ஜி.கண்டிகை புவனேஸ்வரி கொண்டாந்த ஆட்டோவுல இடது பக்கம் பெரிய நசுங்கல். போன வருசம் அவங்க வூட்டுக்காரர் ஓட்டிக்கினு போறப்ப மணவூர் பக்கம் வண்டி கவுந்து, அவருக்கு இடுப்பெலும்பு போச்சு. அப்புறம் இவங்க லைசென்ஸ் எடுத்து ஓட்டுறாங்க. திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசுல வண்டியை எஃப்.சி.க்கு, அதான் தகுதிச் சான்றுக்கு, காட்டணும். எஃப்.சி. ஆனாத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைங்கள ஏத்துற சவாரி கைக்கு வரும். வீட்டுச் சாப்பாடும் அவர் மருந்தும் அந்தச் சவாரியை நம்பித்தான்.

தகரத்தைத் தட்டி, பள்ளம் அடைக்கிற புட்டிப் பசை வச்சுத் தேச்சேன். கையால தடவினா சமமா இருக்கு. பெயிண்ட் விழுந்ததும் காட்டிக் கொடுத்துடுச்சு. அதுக்கு அப்படி ஒரு குணம். மேட்டு ஓரத்தை விட்டு வழுக்கும், பள்ளத்துல போய் உக்காந்துக்கும். ஓரத்துல தகரம் தெரியுது, நடுவுல தடிச்சு நிக்குது. மூணு நாள் அந்தப் பள்ளத்தோட மல்லுக்கட்டினேன். புவனேஸ்வரி பக்கத்துல நின்னு பாத்துட்டுச் சொன்னாங்க: "அவரு வுழுந்த எடம் பாய் அது. அவ்ளோ சுலபமா சமமாயிடுமா?"

சந்தனம்

வெள்ளிக்கிழமை கடைசி கோட்டு. ஜும்மா தொழுகைக்கு நேரமாயிடுச்சு. மெல்லிசா ரெண்டு தடவை அடிக்க வேண்டியதை ஒரே தடவையில தடிப்பா அடிச்சிட்டு, சாவியை வண்டியிலயே வுட்டுட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினேன். தப்பு என்னுதுதான், மறைக்கல.

தொழுதுட்டு வந்தா ஷெட்ல வண்டி இல்ல. ரோடு வரைக்கும் ஓடிப் பாத்தேன், காணோம். ஒரு மணி நேரம் கழிச்சு கோயில் மலையிலேருந்து இறங்கி வருது ஆட்டோ, மாலை போட்டுக்கினு. ஓட்டிக்கினு வர்றது புவனேஸ்வரி. ஏறும்போது ஈரப் பெயிண்ட் பின்னாடி சரிஞ்சிருக்கு, இறங்கும்போது முன்னாடி வந்திருக்கு, வளைவுக்கு வளைவு ஆடியிருக்கு. இடது பக்கம் பூரா அலை அலையா நிக்குது. முன்னாடி குருக்கள் வச்ச சந்தனம் பெயிண்டோட சேந்து இறுகிப் போச்சு. "காயறதுக்குள்ள யாரும்மா எடுக்கச் சொன்னது?"ன்னு கத்திட்டேன். பளபளப்பைப் பாத்துக் காஞ்சுடுச்சின்னு நெனச்சிருக்காங்க. ஆனா அவங்களும் வுட்டுக் கொடுக்கல: "சாமிக்குக் காட்டாம ஆபீசருக்கு மட்டும் காட்டச் சொல்றியா பாய்?"

சாஞ்ச வண்டி

ஞாயித்துக்கிழமை, இடது பக்கத்தைத் தேச்சு எடுத்துட்டு, பெயிண்ட் பீச்சுற கன்னைக் கையில எடுத்தேன். இன்னொரு தடவை ஒழுகினா எஃப்.சி. போச்சு, சவாரி போச்சு. அப்போதான் தேவராஜுலு உருளை ஞாபகம் வந்துச்சு. ஆட்டோவைச் சுத்த முடியாது, சாய்க்கலாமே! அடியில வெல்டிங் வைக்க மெக்கானிக்குங்க சாய்க்கிறதுதானே. பெட்ரோலை வடிச்சு, பேட்டரியைக் கழட்டி, பக்கத்துக் கடையில நாலு பேரைக் கூப்பிட்டு, பழைய டயர் மேல கோணி விரிச்சு வலது பக்கமா படுக்க வச்சோம். பள்ளம் இருந்த பக்கம் வானத்தைப் பாத்துச்சு. மெல்லிசா அடிச்சேன். ஓட வழியில்லாத பெயிண்ட் தானா பரவி நின்னுச்சு, ஒரு கோடு இல்ல. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அந்த நேரம் பாத்து, வண்டி எப்படி வந்திருக்குன்னு காட்ட வூட்டுக்காரரைக் கூட்டிக்கினு வந்து நிக்கிறாங்க புவனேஸ்வரி. கவுந்து கிடக்கிற வண்டியைப் பாத்ததும் முந்தானையால வாயைப் பொத்திக்கினாங்க. முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதான்னு என்னை நானே திட்டிக்கினேன். அவர் மட்டும் கைத்தடியை ஊனிக்கினு கிட்ட வந்தாரு. குனிஞ்சு, பெயிண்ட்ல தன் மூஞ்சி தெரியறதைக் கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் பொண்டாட்டி பக்கம் திரும்பினாரு: "பயப்படாத புவனா. இந்த வாட்டி உள்ள யாரும் இல்ல."

திங்கட்கிழமை அவங்களுக்கு எஃப்.சி. கிடைச்சுது, எனக்குக் கிடைச்சது கொஞ்சம் புத்தி: வண்டியைச் சாய்க்கிறதுக்கு முன்னாடி பெட்ரோலை வடிக்கணும், பேட்டரியைக் கழட்டணும், வண்டிக்காரங்களுக்கு ஒரு போன் போடணும்.