சாப்பிட்டுவிட்டு ஏறலாமே

சென்ற மழைக்காலம் முடிந்த சமயம். யாங்கூனில் அலோன் பகுதியில், ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள ஒரு பழைய வீட்டுக்கு மகளோடு போயிருந்தேன். அவள் கட்டடக்கலை படிக்கிறாள். பழைய வீடு ஒன்றை அளந்து வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். துணை எதற்கு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இந்த நாளில் பிள்ளை வெளியே போனால் திரும்பும்வரை எனக்கு வேலை ஓடாது. நானும் கிளம்பிவிட்டேன்.

மர வியாபாரம் செய்த வெள்ளைக்காரர் ஒருவர், இங்கிலாந்தில் தாம் பிறந்த பண்ணை வீட்டைப் போலவே கட்டிக்கொண்டதாம் அது. செங்குத்தான கூரை, வெள்ளைச் சுவரில் கறுத்த தேக்குச் சட்டங்கள், குனிந்து நுழையும் வாசல். கூடத்து நடுவில் குளிர்காய ஆள் உயர அடுப்பு, அதன்மேல் கூரையைத் துளைத்துப் போகும் செங்கல் புகைபோக்கி. வேர்த்து ஒழுகும் ஊரில் இது எதற்கு? இப்போது அதற்குள் இன்வெர்ட்டர் பேட்டரி உட்கார்ந்திருந்தது. “துரைக்குக் குளிர் ஞாபகம், எங்களுக்குக் கரண்டு ஞாபகம்” என்று சிரித்தார் வீட்டுக்காரப் பர்மிய அம்மாள்.

கூரைச் சட்டங்களை அளக்க மச்சில் ஏற வேண்டும் என்றாள் மகள். அம்மாள் தேநீர் கொண்டுவந்தார். “சாப்பிட்டுவிட்டு ஏறலாமே, மகளே.” பிறகு ஊறவைத்த தேயிலையும் வறுத்த கடலையும் வந்தன. மேலே ஒரே தூசி என்றார். வெயில் தாழட்டும் என்றார்.

இந்த ஊரிலேயே பிறந்தவள் நான், புரிந்திருக்க வேண்டும். இங்கே வந்தவரிடம் முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்ல மாட்டார்கள். எதிரில் இருப்பவர் மனம் நோகுமே என்ற கூச்சம். பர்மிய மொழியில் ‘ஆனாடே’ என்பார்கள். எனக்கும் அதே கூச்சம்தான். தலைக்குமேல் பலகைகள் தொய்ந்திருந்ததைக் கண்டேன். அடுத்தவர் வீட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டே, உங்கள் வீடு உளுத்துவிட்டதா என்று எப்படிக் கேட்பது? மகளிடம் மட்டும் தமிழில், “வேணாம்டி” என்றேன்.

“தன்லியின் ஆத்துப் பாலத்துல பஸ் போனாலே கண்ணை மூடிக்குவீங்க. சும்மா இருங்கம்மா” என்று ஏணியில் ஏறிவிட்டாள்.

பலகை முறியும் சத்தம் கேட்டது. மச்சுப் பலகையைப் பிளந்துகொண்டு அவளுடைய கால் தொடைவரை தொங்கியது. பென்சில் என் மடியில் விழுந்தது. ஏணியடிக்கு ஓடினேன்.

“உத்தரத்தைக் கட்டிப் பிடிச்சிருக்கேன்மா.”

அந்தத் தேக்கு உத்தரம் அசையவில்லை. அதன்மேலேயே தவழ்ந்து ஏணிக்கு வந்தாள். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். அம்மாள் காயத்தைக் கழுவிக்கொண்டே அழுதார். பலகைகள் மட்டும் பின்னாளில் போட்ட மட்ட மரமாம். மழை ஒழுகி இற்றுப்போனது அவருக்குத் தெரிந்தே இருந்தது. “படிக்கிற பிள்ளை ஆசையாக வந்திருக்கிறதே, ஏறாதே என்று எப்படிச் சொல்வேன்?”

“நானும் கேட்கவில்லையே, அக்கா” என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம்.

மீதி அளவுகளுக்காக மறுபடி போக வேண்டியிருந்தது. கிளம்பும் நாளில் அம்மாளே போன் செய்தார். சற்றுத் தயங்கி, “பின்கட்டுச் சுவரும் சரியில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராதே” என்றார்.

இப்போதும் மாடியில் அவள் நடக்கும் சத்தம் கேட்டால் என் கை வேலையை நிறுத்திவிடுகிறது. அப்போதெல்லாம் அந்தப் போன்தான் நினைவுக்கு வரும். என் வாழ்நாளில் ஒருவர் என்னிடம் அவ்வளவு அன்பாக ‘வராதே’ என்று சொன்னதில்லை.