பூனையக்கா தோண்டிய மணற்குழி

பொக்லைன் ஓட்டுகிறவர்களுக்குப் பட்டப்பெயர் நல்லதாக அமைவது அபூர்வம். அவளோடு வேலை பார்த்த ஒருவனுக்குப் ‘பைப்பு’ என்று பெயர். பூமிக்கடியில் எங்கே தண்ணீர்க் குழாய் போனாலும் குறி பார்த்ததுபோல அதன் மேலேயே பக்கெட்டை இறக்குவான். இன்னொருவன் ‘பூகம்பம்’. அவளுக்கு மட்டும் ‘பூனை’ என்று வைத்தார்கள். இருபது டன் இயந்திரத்தின் கையை அவள் தரையில் வைத்தால் சத்தமே வராது. ஒருமுறை பந்தயம் கட்டி, கவிழ்த்து வைத்த கண்ணாடி கிளாஸின் மேல் இருந்த பிஸ்கட்டை, பக்கெட்டின் பல்லால் உடையாமல் தள்ளிக் காட்டினாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் பூனையக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும்கூட.

இருபத்தொன்பது வயதுவரை அவள் கல்குவாரி எடைமேடையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் லாரி. லாரிகளுக்கு நடுவே இடைவெளி விழும்போதெல்லாம் தூரத்தில் ஒரு மஞ்சள் பொக்லைன் மலையைக் கடித்துக்கொண்டிருப்பது தெரியும். ஆறு வருஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்:

“நான் அதை ஓட்டணும்.”

புருஷன் தையற்காரர். பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பவர். வாயில் கவ்வியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, “எதை?” என்றார்.

“அந்த மஞ்சள் மிஷினை.”

“சரி. நானும் மிஷின்தான் ஓட்டறேன். வீட்ல ரெண்டு மிஷின் ஓடட்டுமே.”

பேச்சு அவ்வளவுதான். அவள் பயிற்சிக்குப் போன மாதங்களில், கைக்குழந்தையாக இருந்த மகள் நீலத் துணிக் குவியலுக்குள்தான் தூங்கினாள். உரிமம் வந்தது. அதற்குப் பிறகு பதினேழு வருஷம் சாலை, சாக்கடை, அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் என்று தோண்டினாள். எல்லாம் நேர்கோடு. கயிறு கட்டுவார்கள், அவள் கயிற்றோடு போவாள்.

நாற்பத்தாறாவது வயதில்தான் அந்தக் கோல்ஃப் மைதான வேலை வந்தது.

முதல் நாள் வாசலில் இறங்கிப் பார்த்தவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பச்சை. “இவ்வளவு புல்லு இருக்கு, மேய ஒரு ஆடுகூட இல்லையே!” என்றாள். நூறு வருஷத்துக்கும் மேல் பழைய மைதானம் அது. இன்னும் ஒன்றரை வருஷத்தில் உலகத்தின் பெரிய போட்டி ஒன்று அங்கே நடக்கப்போகிறது. ஆனால் மைதானம் போட்ட காலத்தில் பந்து போன தூரம் வேறு, இப்போது போகிற தூரம் வேறு. விழுந்த பந்தை லேசில் வெளியே விடாமல் அன்றைக்கு ஆட்டக்காரர்களைப் பயமுறுத்திய மணற்குழிகளை இன்றைய பிள்ளைகள் ஒரே அடியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். குழிகளை எல்லாம் தள்ளி வைக்க வேண்டும். அடிக்கத் தொடங்கும் மேடைகளைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். பந்து போய்ச் சேர வேண்டிய, கொடி நட்டிருக்கும் பதினெட்டுப் புல்தரைகளின் சரிவைக் கொஞ்சம் தணிக்க வேண்டும்.

அடிக்கத் தொடங்கும் மேடைக்குக் கோல்ஃபில் ‘டீ’ என்று பெயர். இது தெரியாமல் முதல் வாரத்தில் ஒரு கலவரமே நடந்தது. சூப்பர்வைசர் வந்து, “கமிட்டி முடிவு பண்ணிட்டாங்க. எல்லா டீயையும் பின்னாடி தள்ளறோம்” என்றார். லாரி டிரைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூகம்பம் எழுந்து நின்று, “வேலையைக் கூட்டுங்க, வாங்கிக்கறோம். டீ மட்டும் பத்தரைக்கு வந்தாகணும்” என்று முழங்கினான். விஷயம் விளங்கியபோது அதிகம் சிரித்தவர் சூப்பர்வைசர் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்.

அவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கிளப்பில் நாற்பது வருஷ உறுப்பினர். ஒரு புல்லைக்கூட மாற்றக் கூடாது என்று கமிட்டிக்கு அதுவரை பதினோரு ஆட்சேபக் கடிதங்கள் எழுதியிருந்தார். கடிதம் பலிக்கவில்லை என்றதும் நாற்காலியோடு வந்துவிட்டார். தினமும் காலை ஒன்பதுக்கு வருவார். பூனையக்காவின் பக்கெட் எங்கே போகிறதோ அங்கே அவர் தலையும் திரும்பும்.

“ஏம்மா, இதெல்லாம் உனக்கே நல்லா இருக்கா?” என்று முதல் நாளே கேட்டார்.

“நான் ஆடினதே இல்ல சார். எனக்கு எல்லாம் பள்ளம்தான்.”

நீதிபதி குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

முதல் மணற்குழியை அவள் இரண்டு நாளில் முடித்தாள். ஓரம் எல்லாம் மழமழவென்று, தட்டு கவிழ்த்து வரைந்ததுபோல வட்டம். மைதானத்தைத் திருத்த வந்த வடிவமைப்பாளர், ஒட்டகம்போல நெடிய ஆள், குழியைச் சுற்றி நடந்தார்.

“ரொம்ப அழகா இருக்கு” என்றார். “அதுதான் சங்கடம்.”

“எப்படி வேணும்னு சொல்லுங்க சார்.”

“யாரும் தோண்டினமாதிரி இருக்கக் கூடாது. காத்து வந்து பிச்சுட்டுப் போனமாதிரி...” என்று கையால் காற்றைப் பிறாண்டிக் காட்டினார்.

மூடிவிட்டு மறுபடி தோண்டினாள். அதற்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். மூன்றாவதற்கும் அதே ஆட்டம். பதினேழு வருஷத்தில் யாரும் அவள் வேலையைத் திருப்பிச் செய்யச் சொன்னதில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே கேபினை விட்டு இறங்கினாள். விறுவிறுவென்று டீ மேடைக்கு நடந்து போய், ஆட்டக்காரன் நிற்கும் இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். மூன்று தடவை தோண்டிய குழி அங்கேயிருந்து தெரியவே இல்லை. வெறும் புல்தான் தெரிந்தது.

திரும்பி வந்து வடிவமைப்பாளரிடம் சொன்னாள். “சார், இவ்வளவு நாள் மேல உக்காந்து கீழ பாத்தே தோண்டிட்டேன். பயப்பட வேண்டியவன் அங்க நிக்கறான். அவனுக்குக் குழியே தெரியல. அப்புறம் எப்படிப் பயப்படுவான்?”

அன்று பிற்பகல் குழியின் முன் ஓரத்தைத் தாழ்த்தினாள். பின்சுவரை உயர்த்தி, மேல் விளிம்பை அங்கங்கே பிய்த்துவிட்டாள். வடிவமைப்பாளர் டீ மேடையில் நின்று பார்த்தார். தூரத்தில் வெள்ளை மணல் வாயைத் திறந்துகொண்டு அவரையே பார்த்தது. நெடிய ஆள் இரண்டு கையையும் தூக்கி அங்கேயே ஒரு குதி குதித்தார். வேலிக்கு அப்பால் நீதிபதிகூட நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எழுந்தது நினைவுக்கு வந்ததும் உடனே உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு அவளுக்கு வரைபடம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. “இங்க ஒரு தொந்தரவு வேணும்” என்று வடிவமைப்பாளர் சொல்வார். அவள் டீ மேடைக்கு ஒரு நடை போய் வருவாள். பிறகு தோண்டுவாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வாய் ஓயாது. புருஷன் பட்டன் தைத்துக்கொண்டே கேட்பார்.

“ஆக, இப்ப நீ குழி தோண்டலை. ஜனங்களைக் கெடுக்கறே.”

“அதேதான். என்னா சந்தோஷமா இருக்கு தெரியுமா!”

பதினாலாவது கொடிக்கு முன்னால்தான் அது நடந்தது. அங்கே மணற்குழி எதுவும் திட்டத்தில் இல்லை. மழைத்தண்ணீர் வடியக் குழாய் புதைக்க ஒரு நேர்க்கால்வாய் மட்டும். மூன்றடி போனதும் பக்கெட்டின் சத்தம் மாறியது. ‘மொத்’ என்று விழுந்துகொண்டிருந்தது, ‘சர்ர்’ என்று இழுத்தது. அவள் இயந்திரத்தை அணைத்தாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். “என்னக்கா, டீசல் தீந்துடுச்சா?”

“இல்ல. இங்க மணல் இருக்கு.”

“கோல்ஃப் மைதானத்துல மணல் இல்லாம சர்க்கரையா இருக்கும்? தோண்டுக்கா, நேரமாகுது.”

“இது நாம போட்ட மணல் இல்ல. கீழே வெள்ளை மணல், அதுக்கு மேல கறுப்பா ஒரு கோடு பாருங்க. அது பழைய புல்லு. யாரோ குழியை வெச்சு, அப்புறம் மூடியிருக்காங்க.”

வடிவமைப்பாளர் வெள்ளைக் காலணியோடு கால்வாய்க்குள் குதித்து மணலை அள்ளிப் பார்த்தார். நீதிபதி முதன்முறையாக வேலியைத் தாண்டி உள்ளே வந்தார். “அங்க குழி எதுவும் கிடையாது. நாப்பது வருஷமா ஆடறேன், எனக்குத் தெரியாதா?” என்றார். பிறகு முகம் ஒரு மாதிரி ஆனது. “சாப்பாட்டு அறையில ஒரு போட்டோ இருக்கே...” என்று இழுத்தார்.

எல்லோரும் அப்படியே கிளப் சாப்பாட்டு அறைக்குப் போனார்கள். கம்பளத்தில் சேற்று பூட்ஸோடு நடக்கப் பூனையக்கா தயங்கினாள். “நடம்மா, நான் பாத்துக்கறேன்” என்று நீதிபதியே கையைப் பிடித்து அழைத்துப் போனார். கை கழுவும் இடத்துக்கு மேலே பழுப்பேறிய படம் ஒன்று மாட்டியிருந்தது. ஆழமான ஒரு பள்ளம். அதற்குள் ஒரு மனிதன். அவன் தொப்பியும் தூக்கிய குச்சியும் மட்டும் வெளியே தெரிந்தன. ஏதோ வேறு கிளப்பின் படம் என்றுதான் எல்லோரும் கை கழுவிக்கொண்டு போயிருந்தார்கள்.

பூனையக்கா பள்ளத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால், வானத்தின் ஓரத்தைப் பார்த்தாள். இரண்டு மேடு, நடுவில் ஒரு வெட்டு.

“இந்த ரெண்டு மேட்டையும் நாலு நாளா கேபின்லேர்ந்து பாத்துட்டிருக்கேன். இது பதினாலாவதுதான் சார்.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

“அப்ப நாப்பது வருஷமா மாத்தாதே மாத்தாதேன்னு நான் காவல் காத்தது, யாரோ ஏற்கெனவே மாத்தி வெச்சதையா?” என்றார். அடுத்த கணம் சிரிக்க ஆரம்பித்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்று மாலையே கமிட்டிக்குப் பன்னிரண்டாவது கடிதம் போனது. அதில் ஒரே வரி: உடனே தோண்டவும்.

குழாய் வேறு பக்கம் போனது. பழைய குழியை அவள் ஏழு நாள் எடுத்துத் தோண்டினாள். கறுப்புக் கோட்டைக் காயப்படுத்தாமல், அதன் மேல் இருந்த மண்ணை மட்டும் வழித்து எடுத்தாள். குழி ஆள் உயரத்துக்கு மேல் இறங்கியது. அடியில் ஒரு கோல்ஃப் குச்சி இரண்டு துண்டாகக் கிடைத்தது. யாரோ கோபத்தில் முழங்காலில் வைத்து முறித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நீதிபதி அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, “நல்ல மனுஷன். எனக்கு இவரைப் புரியுது” என்றார்.

போட்டி நாள் வந்தது. வேலை செய்தவர்களுக்கெல்லாம் குடும்பத்தோடு வரச் சீட்டு கொடுத்தார்கள். பூனையக்கா, புருஷன், மகள் மூவரும் பதினாலாவது கொடிக்குப் பக்கத்தில் கயிற்றை ஒட்டி இடம் பிடித்தார்கள். முதல் நாள் முழுக்க ஒரு பந்தும் அவள் குழியில் விழவில்லை. உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் அதை ஒருமுறை பார்த்தார்கள். உடனே வேறு குச்சி மாற்றி, பாதுகாப்பாகப் பக்கவாட்டில் அடித்துவிட்டுப் போனார்கள்.

“ஒருத்தன்கூட விழலையே” என்று அவள் முகம் வாடிவிட்டது.

“அடியே, சுத்தி வளைச்சுப் போறாங்கன்னா பயந்துட்டாங்கன்னு அர்த்தம்” என்றார் புருஷன். ஆட்டம் புரியாததால் அவர் காற்சட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த வெள்ளை பேன்ட்காரனைப் பாரு. தொடையில ஒரு இஞ்ச் விட்டுத் தெச்சிருந்தா இன்னும் தூரமா அடிப்பான்.”

மூன்றாம் நாள், முன்னணியில் இருந்த அந்த வெள்ளை பேன்ட்காரனின் பந்து புல்லில் விழுந்து, தயங்கி, உருண்டு, விளிம்பில் ஒரு நொடி நின்று உள்ளே இறங்கியது. கூட்டம் ‘ஹோ’ என்றது. பூனையக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் உள்ளே இறங்கினான். தொப்பி மட்டும் தெரிந்தது. முதல் அடியில் பந்து சுவரில் மோதி அவன் காலடிக்கே திரும்பியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது அடிக்கு அவன் கொடிக்கு முதுகைக் காட்டி, வந்த வழியே பந்தை வெளியே தள்ளினான். ஏறி வந்தவன் குழியைத் திரும்பிப் பார்த்தான், சிரித்தான், தொப்பியைத் தூக்கி அதற்கு ஒரு வணக்கம் வைத்தான். கூட்டம் கைதட்டியது.

“அம்மா, ஏன் அழறே?” என்றாள் மகள்.

“பாவம்டி அந்தப் பையன்” என்றாள் அவள். வாய்தான் பாவம் என்றது. முகம் முழுக்கச் சிரிப்பு.

போட்டி முடிந்த மறுவாரம், கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, வேலையாட்கள் எல்லோரும் ஒரு மாலை ஆடிப் பார்க்கலாம் என்று கிளப் சொன்னது. நீதிபதி தன் குச்சியையே பூனையக்காவிடம் நீட்டினார். முதல் வீச்சு காற்றோடு போனது. இரண்டாவதில் ஒரு பிடி புல் பறந்தது. மூன்றாவதும் காற்றுக்கே.

“மிஷின்ல ஏறி உக்காந்து அடிக்கா!” என்று பூகம்பம் கத்தினான்.

நான்காவதில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கை முழுக்க அது இனிப்பாக ஏறியது. பந்து எழும்பி, நீல வானத்தில் சிறு வெள்ளைப் புள்ளியாகி, அறுபது எழுபது கஜம் தள்ளிப் புல்தரை நடுவில் அழகாக இறங்கியது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அவள் குச்சியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அதற்குள் அவள் புருஷன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓட ஆரம்பித்திருந்தார்.

“தொடாதீங்க! தொடக் கூடாது! அது விதி!” என்று நீதிபதி கத்தினார்.

தையற்காரர் காதில் எதுவும் விழவில்லை. பந்தைப் பொறுக்கி, சட்டையில் துடைத்து, மூச்சிரைக்க ஓடி வந்து மனைவியின் கையில் வைத்தார்.

“இந்தா, கிடைச்சிடுச்சு. எங்க தொலைஞ்சுபோயிடுமோன்னு பாத்தேன்” என்றார்.