அந்தோணியாரின் அங்கியில் பிரிந்த தையல்

டெய்லரம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. எங்கேயாவது தையல் பிரிந்திருப்பதைக் கண்டால் போதும், பல்வலி வந்தவர்போலத் தவிப்பார். ரவிக்கை ஓரத்தில் நூல் கோத்த ஊசி இல்லாமல் ஞாயிறு பூசைக்குக்கூடப் போனதில்லை.

அந்தக் கைதான் வினையை இழுத்தது. மகனின் கல்யாணத்தன்று காலை, மருமகள் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த கவுனின் கழுத்து இறக்கமாக இருக்கிறதென்று, யாரையும் கேட்காமல் ஏற்றித் தைத்துவிட்டார். பிரிக்க நேரமில்லை. மணப்பெண் அழுத கண்ணோடுதான் பீடத்தின் முன் நின்றாள். அன்றோடு அவள் பேச்சு "சாப்பிடுங்க", "தூங்குங்க" என்று சுருங்கிப்போனது.

வெளிநாட்டில் மகன் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியும் அதே கதைதான். நாளை ஊர் திரும்ப வேண்டும். "காணாமப்போனதை மீட்டுத் தர்ற அந்தோணியார் கோவில் பக்கத்துலதான் இருக்கு" என்று மகன் இருவரையும் வாசலில் இறக்கிவிட்டு, காரை நிறுத்த இடம் தேடிப் போனான்.

உள்ளே அந்தோணியார் சிலைக்கு நிஜத் துணியில் அங்கி. அதன் ஓரத்தைத் தொட்டு வேண்டிக்கொள்வது அங்கே வழக்கம். டெய்லரம்மாவும் தொட்டுக் கண்ணை மூடினார். 'ஐயா, இந்தப் பொண்ணு மனசுவிட்டு என்னைத் திட்டினாக்கூடப் போதும்.' கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. விரலில் ஏதோ நெருடவே, கண்ணைத் திறந்தார். ஓரத் தையல் ஒரு விரல் நீளம் பிரிந்திருந்தது!

கை தானாக ரவிக்கைக்குப் போய் ஊசியை எடுத்துவிட்டது. குத்தப்போனவருக்குக் கல்யாணத்தன்று பார்த்த அந்த அழுத முகம் நினைவுக்கு வந்தது. கை அப்படியே நின்றது.

"தைக்கட்டுமான்னு இவரைக் கொஞ்சம் கேளும்மா" என்று பக்கத்தில் நின்ற காவலரைக் காட்டினார்.

மருமகள் திகைத்துப்போய் அந்த ஊர் மொழியில் கேட்டாள். காவலர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்.

"வேண்டாமாம் அத்தை."

"சரிம்மா. அவங்க துணி, அவங்க இஷ்டம்."

ஊசி பழைய இடத்துக்குப் போனது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் மருமகள் வெடித்தாள்.

"சாமி துணின்னா மட்டும் கேக்கத் தெரியுது! என் துணிக்குக் கேட்டீங்களா? ஊரே பாக்க அழுதுக்கிட்டு நின்னேனே!"

"கேக்கலைம்மா. தப்புதான். திட்டு, நல்லாத் திட்டு."

"இப்படிச் சொன்னா எப்படித் திட்டுறது?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்ட, மருமகள் தன் கோட்டைக் கழற்றி மாமியாரின் மடியில் போட்டாள். ஒரு பொத்தான் ஒற்றை நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

"இதைத் தைங்க. பொத்தான் மட்டும்!"

இமைப்பதற்குள் தைத்து, நூலைப் பல்லால் கடித்தார் டெய்லரம்மா. பிறகு கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இடுப்பு கொஞ்சம் லூசா..."

"அத்தை!"

"கேக்கத்தானேம்மா செஞ்சேன்!"