ஒன்பதரைக்கு மேல் லாகின் இல்லை

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. பிரிவு என்றால் நான் ஒருத்திதான். ஒரே ஒரு யூனிக்ஸ் மெஷின். அதிலிருந்து வயர் இழுத்து மாடியிலும் கீழேயுமாக, திரையும் கீபோர்டும் மட்டும் உள்ள பதினெட்டு டெர்மினல்கள். "ஆபீஸே எம் பொண்ணு கையிலதான் ஓடுது" என்று ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெரு முழுக்க அப்பா சொல்லி வைத்திருந்தார். என் கையில் இருந்தது மெஷினின் முதன்மைச் சாவியான ரூட் பாஸ்வேர்டு மட்டும். மற்றதெல்லாம் மேனேஜர் கையில்.

அந்த மேனேஜர் மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய், ஒரு பளபளப்பான ஃபைலோடும் ஒழுக்கத்தைப் பற்றிய கவலையோடும் திரும்பி வந்தார். வந்த அன்றே ஸ்டோர்ஸில் ஆளில்லாத நாற்காலிக்கு எதிரே ஒரு டெர்மினல் எரிந்துகொண்டிருப்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது. அது ஸ்டோர்ஸ் ஆன்ட்டியுடையது. ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்து வருபவர், ஐம்பது வயதிருக்கும். எல்லாருக்கும் முன்னால் வந்து சரக்கு இருப்பு புரோகிராமைத் திறந்தாரென்றால் சாயங்காலம்தான் மூடுவார். டீக்குப் போனாலும் சாப்பிடப் போனாலும் அது திறந்தபடியே இருக்கும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "மூணு நிமிஷம் யாரும் கை வைக்கலைன்னா மெஷினே ஆளை வெளிய தள்ளணும். முடியுமா?"

"முடியும் சார். ப்ரொஃபைல்ல ஒரு வரி போட்டா போதும்."

ப்ரொஃபைல் என்பது ஒரு கோப்பு. யார் லாகின் செய்தாலும் மெஷின் முதலில் அதைப் படித்து, அதில் எழுதியிருப்பதைச் செய்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடும். ஒரு வரி போட்டால் மொத்த ஆபீஸையும் கட்டுப்படுத்தலாம் என்று கேட்டதும் மேனேஜருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ இன்னொண்ணும் போடு. ஒன்பதரைக்கு மேல வந்தா லாகினே கிடைக்கக்கூடாது."

"யாருக்காவது விலக்கு உண்டா சார்?"

"எல்லாருக்கும் ஒரே ரூல்ஸ். எனக்கும் சேர்த்துத்தான்." சொல்லும்போது குரலே தழுதழுத்தது. நாட்டுக்காகச் சிறை போகிறவர் போல இருந்தார்.

இரண்டு வரிகளையும் எழுதினேன். தனித்தனியாகச் சோதித்தும் பார்த்தேன். இரண்டுமே பிரமாதமாக வேலை செய்தன. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசிக்கவில்லை. அவ்வளவு கெட்டிக்காரி நான்.

மறுநாள், வழியில் ஒக்கலிபுரம் நெரிசலுக்குப் பயந்து நான் முந்தின பஸ்ஸையே பிடித்துவிட்டேன். மேனேஜரும் ஒன்பது மணிக்கே வந்து, தன் நாற்காலியை முதல்முறை பார்ப்பவர் போல உட்கார்ந்தார். ஒன்பதரைக்குள் எல்லாரும் லாகின் செய்தாகிவிட்டது. கம்பெனி வரலாற்றில் அப்படி ஒரு காலை இருந்ததில்லை.

ஒன்பதே முக்காலுக்கு டிராயிங் செக்‌ஷன்காரர் ஒருவர் வரைபடம் எடுக்க எழுந்து போனார். திரும்பி வருவதற்குள் மூன்று நிமிஷம் கழிந்து, மெஷின் அவரை வெளியேற்றியிருந்தது. மறுபடி லாகின் செய்தார். மணி ஒன்பதரைக்கு மேல் ஆகிவிட்டது என்று சொல்லி மெஷின் மறுபடியும் தள்ளியது. தண்ணீர் குடிக்கப் போனவர், பக்கத்து மேஜையில் பேசப் போனவர் என்று ஒவ்வொருவராக மெஷினை விட்டு வெளியே வந்தார்கள். மேனேஜர், புது ஒழுக்கத்தைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்கு போனில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே போனார்.

நான் மெஷின் ரூமுக்கு ஓடினேன். மாடியில் நான் பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருந்ததில் அங்கே நான் ரூட்டாகத் திறந்து வைத்திருந்த டெர்மினலிலும் மூன்று நிமிஷம் தாண்டியிருந்தது. யூனிக்ஸில் ரூட் என்றால் கடவுள் மாதிரி என்பார்கள். ஒன்பதரைக்கு மேல் வந்த கடவுளையும் ப்ரொஃபைல் உள்ளே விடவில்லை.

"எப்ப சரியாகும்?" என்றார் மேனேஜர்.

"நாளைக்குக் காலைல ஒன்பதரைக்குள்ள வந்தா சரி பண்ணிடலாம் சார்."

நான் உண்மையைத்தான் சொன்னேன். அவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"கிண்டலா? ஆஃப் பண்ணி ஆன் பண்ணு!"

"பண்ணலாம் சார். ஆன் ஆகும்போது ப்ரொஃபைலைப் படிக்காம உள்ள போக ஒரு வழி இருக்கு. ஆனா யாராவது உள்ள இருந்தா அவங்க பண்ணின வேலை போயிடும்."

"யாரும்மா உள்ள இருக்கா? எல்லாரும்தான் வெளிய நிக்கறோமே!"

அப்போதுதான் எனக்கு ஸ்டோர்ஸ் ஞாபகம் வந்தது. மூன்று நிமிஷக் கணக்கெல்லாம் அடுத்த கட்டளைக்காக டெர்மினல் சும்மா காத்திருக்கும்போதுதான். உள்ளே ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தால் அது செல்லாது. நானும் மேனேஜரும் ஸ்டோர்ஸுக்கு ஓடினோம். நாற்காலி காலி. டெர்மினல் மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. யாரைப் பிடிக்க விதி போட்டாரோ, அவர் ஒருவர்தான் உள்ளே இருந்தார்.

தொடப் பயந்து இருவரும் அதற்குக் காவல் நின்றோம். ஆன்ட்டி டீ குடித்துவிட்டு நிதானமாக வந்தார்.

"என்ன சார், என் டெர்மினல் ஆன்லயே இருக்குன்னு எழுதிக்க வந்தீங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா, கொஞ்சம் உதவி..." என்றார் மேனேஜர்.

நான் விஷயத்தைச் சொன்னேன். ஆன்ட்டி சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"ஸ்வல்ப இருங்க. இந்த பேரிங் என்ட்ரி பாதில நிக்குது, முடிச்சுக்கறேன்."

மேனேஜர் நின்றபடி இருபத்தைந்து பேரிங்குகளின் என்ட்ரியையும் பார்த்தார். பிறகு ஆன்ட்டி புரோகிராமை மூடிவிட்டு எழுந்து, "உக்காரும்மா, மூணு நிமிஷம்தான் டைம்" என்றார். அவர் லாகினிலிருந்தபடியே ரூட்டாக மாற ஒரு கட்டளை உண்டு. அது புதிதாக லாகின் செய்வதில்லை, அதனால் ப்ரொஃபைலையும் படிக்காது. அவசரத்தில் பாஸ்வேர்டை முதல் தடவை தப்பாக அடித்தேன். இரண்டாம் தடவை கிடைத்தது. இரண்டு வரிகளையும் அழித்தேன். மாடியிலிருந்து "வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

சாயங்காலம் சுற்றறிக்கை வந்தது. மெஷினில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு, நிர்வாகத்தின் உடனடி நடவடிக்கையால் சீரானதாம். எனக்குத் தனியாக, கவனக்குறைவுக்காக ஒரு மெமோ. ஆன்ட்டியைப் பற்றி எதிலும் ஒரு வார்த்தை இல்லை. சுற்றறிக்கையைப் படித்துவிட்டு அவர், "பரவால்லையே, இங்கிலீஷ் நல்லா எழுதறார்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் மேனேஜர் இன்னொரு யோசனையோடு வந்தார். நான், "எழுத்துல குடுத்துடுங்க சார், இன்னிக்கே போட்டுடறேன்" என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போனார். அதன் பிறகு மூன்று வருஷம் நான் அங்கே இருந்தேன். அவர் யோசித்து முடிக்கவே இல்லை.