கரையேறாத ஆள்

கடலில் எந்த இடத்தில் இறங்குவது என்பதை அழகையாதான் சொல்லுவார். அவருக்கு நீந்தத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதுவரை கடலில் கால் நனைத்ததும் இல்லை.

பதுளையில் ஜுனைதீன் முதலாளியிடம் ஒரு வான் வண்டி இருந்தது. வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு பசறை, மொனராகலை வழியாகப் பொத்துவில்லுக்கு இறங்கும். திரும்பும்போது கருவாடு கொண்டுவரும். வானை ஓட்டுவது முதலாளி. மூட்டை இறக்குவது அழகையா. எழுபத்தேழில் வெள்ளைக்காரர்கள் பதுளையில் ரயிலைவிட்டு இறங்கி, கிழக்குக் கடலுக்கு எப்படிப் போவது என்று கடைக்கே வந்து கேட்கத் தொடங்கினார்கள். முதலாளி கருவாட்டு வாடை போகும்வரை வானைக் கழுவி, உள்ளே ஆட்கள் உட்கார மூன்று வாங்கு போட்டார்.

வந்தவர்கள் முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குப்புறக் கிடந்து கடலின் அடியைப் பார்த்தார்கள். எங்கே இறங்கினால் நன்றாகத் தெரியும் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். முதலாளிக்குத் தெரியவில்லை. அழகையா வானைவிட்டு இறங்கிக் கரையோரமாக நடந்துபோய், ஒரு குடாவில் உயரமான கல் ஒன்றின் மேல் ஏறி நின்று, இங்கே என்று கையைக் காட்டினார். தண்ணீர் அங்கே கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் பவளப் பாறை, மஞ்சள் மீன்கள். வெள்ளைக்காரர்கள் அவருடைய தோளைத் தட்டினார்கள்.

அழகையா மீனையோ பாறையையோ பார்க்கவில்லை. அந்தக் கல்லின் மேல் நின்றால் தண்ணீரில் கிடக்கும் அத்தனை பேரும் தெரிந்தார்கள். வெயில் கண்ணில் அடிக்கவில்லை, அலை தலையை மறைக்கவில்லை. தண்ணீருக்கு மேலே ஒரு சாண் குழாய், அதன் பின்னால் ஒரு முதுகு. எண்ணிவிடலாம். அதற்காகத்தான் அந்த இடம்.

முதலாளி இதைக் கண்டுபிடித்துச் சிரித்தார். மீன் பார்க்க வந்த மனிசருக்கு ஆள் எண்ண வசதியான இடத்தைக் காட்டுகிற ஒரே கங்காணி நீர்தான் என்றார். அழகையாவும் சிரித்துவைத்தார்.

அவர் கங்காணியாக இருந்தது உண்மை. நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருபத்துமூன்று பெண்களைக் கொழுந்து எடுக்கக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவர் வேலை. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் வாசித்து எண்ணுவார். மலையில் நின்று எண்ணுவார். குனிந்த முதுகுகள்தான் தெரியும், முகம் தெரியாது. முகம் தேவையும் இல்லை. பனிமூட்டத்திலும் அவர் கணக்குப் பிழைத்ததில்லை என்று கணக்கப்பிள்ளையே சொல்வார்.

அறுபத்தாறு கார்த்திகையில் ஒரு நாள் மதியத்துக்கு மேல் பனி இறங்கி மலையை மூடிவிட்டது. அழகையா எல்லோரையும் இறங்கச் சொன்னார். பாதை திரும்புமிடத்தில் நின்று எண்ணினார். இருபத்துமூன்று. சந்தேகத்துக்கு இன்னொரு தரம் எண்ணினார். அதே இருபத்துமூன்று. முன்னால் நடந்தார்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் ரெங்கம்மா என்ற பெண்ணின் கூடை வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலையில் சொல்லியிருந்தாள், அதனால் நேரே லயத்து வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தார்கள். லயத்தில், அவள் இன்னும் நிறுவையில் நிற்கிறாள் என்று நினைத்தார்கள். மறுநாள் காலை ஓடைக்குள் கிடந்தாள். மதியமே விழுந்திருக்கிறாள். விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்று தோட்டத்து மருந்துக்காரர் சொன்னார்.

விசாரணையில் அழகையாவை யாரும் குறை சொல்லவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது என்றார். இரண்டு தரம் எண்ணினேன் என்றார். அதை மற்றக் கங்காணிகளும் கண்டிருந்தார்கள். அவரை அரித்தது அதுதான். ஒன்று குறைந்திருந்தால் திரும்பிப் போயிருப்பார். குறையவில்லை. ரெங்கம்மா ஓடையில் கிடக்க, அந்தப் பனிக்குள் அவர் முன்னால் இருபத்துமூன்றாவதாக ஒருத்தி நடந்து போயிருக்கிறாள்.

அந்த மாதமே தோட்டத்தைவிட்டுப் பதுளைக்கு வந்து முதலாளியின் கடையில் மூட்டை தூக்கச் சேர்ந்தார். இந்தக் கதையை முதலாளிக்கு ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கிறார். முதலாளி கேட்டுவிட்டு வேறு பேச்சு எடுத்தார்.

எழுபத்தொன்பது ஆடியில் ஆறு பேர் வந்தார்கள். மூன்று ஆண்கள், மூன்று பெண்கள். காலை பத்து மணிக்கு அந்தக் குடாவில் இறங்கினார்கள். கச்சான் காற்று வீசினாலும் கடல் அசையவில்லை. அழகையா கல்லின் மேல் நின்று எண்ணினார். ஆறு குழாய், ஆறு முதுகு. முதலாளி வானுக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினார். அவர்களில் மஞ்சள் துண்டு கட்டிய பெண் மணலில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அவள் எப்போது கரையேறினாள் என்பதை அவர் பார்க்கவில்லை. போத்தலைக் கொடுத்துவிட்டுக் கடலைப் பார்த்தார்.

ஆறு.

விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். ஆறு. பிறகு வலப்பக்கத்திலிருந்து எண்ணினார். அதுவும் ஆறு.  விசிலை எடுத்து நீளமாக ஊதினார்.

அவர்கள் மெதுவாக, மனமில்லாமல் வந்தார்கள். ஒருவன் கையை விரித்து என்ன என்று கேட்டான். அழகையா ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு மணலில் இருத்தினார். ஐந்து பேர். மஞ்சள் துண்டுக்காரியோடு ஆறு. ஆறு முகத்தையும் பார்த்தார். எல்லோரும் இருந்தார்கள்.

தண்ணீரில் ஒரு குழாய் இருந்தது.

பாறைக்குப் பக்கத்தில் அது நேராகப் போனது. ஒரு எல்லைவரை போய்த் திரும்பி, போன தடத்துக்கு ஒரு முழம் தள்ளித் திரும்ப வந்தது. பிறகு மறுபடி திரும்பியது. கொழுந்து எடுக்கிறவள் தேயிலைச் செடிகளின் நிரை மாறுகிற மாதிரி, ஒன்றையும் விடாமல், அவசரமே இல்லாமல். அதன் பின்னால் முதுகு இருந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை. தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தது.

முதலாளி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றார். அழகையா கை நீட்டிய பக்கம் பார்த்தார். அது மீன்பிடிக்காரரின் வலையில் மிதக்கிற கட்டை என்றார். சொல்லி முடிக்கும்போது அது திரும்பியது. முதலாளி பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வெள்ளைக்காரர்கள் மறுபடி இறங்க வேண்டும் என்றார்கள். இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தான், இதைவிட நல்ல இடம் கிடையாது என்று முதலாளியைப் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி தன் கடை இங்கிலீசில் ஏதோ சமாளித்துவிட்டு, அழகையாவைத் தனியாக அழைத்துப்போனார். ஆறு பேரும் சுகமாகக் கரையில் நிற்கிறார்களே, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, பிறகு என்ன என்று கேட்டார்.

“இப்ப ஒண்ணும் ஆகலீங்க” என்றார் அழகையா. “திரும்ப எறங்கி, அதுல ஒரு ஆளு அடியில போயிட்டா? நான் எண்ணுவேன். ஆறு இருக்கும். எண்ணிக்கை சரியா இருந்தா நான் எப்படிங்க கண்டுபிடிக்கிறது?”

முதலாளி கோப்பையில் மிச்சமிருந்த தேத்தண்ணியை மணலில் ஊற்றினார். பிறகு போய், தெற்கே இரண்டு மைலில் வேறொரு குடா இருக்கிறது, அங்கே போகலாம் என்று ஆட்களை வானில் ஏற்றினார். அங்கே தண்ணீர் கலங்கல். மணலைத் தவிர ஒன்றும் தெரியாது. அது அவருக்கும் தெரியும். வானுக்குள் முணுமுணுப்புக் கேட்டது.

அழகையா ஏறவில்லை.

“என்ன கங்காணி, ஏறுமே.”

“நீங்க போங்க மொதலாளி. ஒரு ஆளு இன்னும் கரையேறலீங்க.”

“அது நம்மட ஆள் இல்ல.”

“யாரு ஆளா இருந்தா என்னாங்க. நிரையில நிக்குதே.”

முதலாளி வானை ஸ்டார்ட் செய்தார். அஸர் தொழுகைக்கு முன்னுக்கு வந்துவிடுவேன், அல்லாட காவல் என்றார். வான் போனது. அதன் சத்தம் தேய்ந்து, பிறகு கேட்கவில்லை.

அழகையா கல்லின் மேல் உட்கார்ந்தார். தோட்டத்தில் கங்காணி கடைசியாகத்தான் மலையிலிருந்து இறங்குவான். அன்றைக்கு, எண்ணிக்கை சரி என்று, அவர் முன்னால் நடந்துவிட்டார்.

உச்சி வெயில் சாயும்வரை அது நிரை மாறி நிரை வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் கரைக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது. பறவைகள் ஒன்றும் இல்லை. காற்று அவருடைய சட்டையை அடித்தது. தண்ணீரின் மேல் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. மூன்று மணி போல, முழங்கால் ஆழத்தில் வந்து நின்றது. அங்கே ஆள் எழுந்து நிற்கலாம். எழவில்லை.

அழகையா கல்லிலிருந்து இறங்கினார். மலையில் பேசுகிற குரலில் பேசினார்.

“போதும். கெடக்கிறது கெடக்கட்டும். நேரமாச்சு, வாங்க.”

குழாய் அசையவில்லை.

கரையில் ஒதுங்கிக் கிடந்த நீளமான கம்பு ஒன்றை எடுத்தார். ஓடைக் கரையில் பெண்களை ஏற்றிவிடும்போது கங்காணி கை கொடுப்பதில்லை, கம்பைத்தான் நீட்டுவான். அவர் செருப்பைக் கழற்றினார். சாரத்தை மடித்துக் கட்டினார். ஒரு அடி வைத்தார், இன்னொன்று. கடல் அவர் நினைத்ததைவிடச் சூடாக இருந்தது. முழங்காலுக்கு வந்ததும் நின்று, கம்பின் நுனியைக் கறுப்பு இருந்த இடத்துக்கு நேரே தண்ணீருக்குள் இறக்கினார். ஒன்றிலும் தட்டவில்லை. மண்ணிலும் தட்டவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தார்.

அந்த முனையில் ஒரு பிடி விழுந்தது. பிறகு அதன் மேலே இன்னொரு பிடி.

அழகையா குதிகாலை மணலில் ஊன்றி, பின்னுக்குச் சாய்ந்து, இழுக்கத் தொடங்கினார். பாரமாகத்தான் இருந்தது. ஆனால் வந்தது.