காதால் படித்த கட்டுரை

எனக்குப் பொறுமை குறைவு. இருக்கிற கொஞ்சத்தையும் வார்டில் நோயாளிகளிடம் செலவழித்துவிட்டு வருவதால், வீட்டில் என் மகளுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. அவள் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில் தோற்ற மார்ச் மாதத்தை நினைத்தால் இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் தோற்றதற்காக இல்லை, நான் நடந்துகொண்ட விதத்துக்காக.

அப்போது பஹ்ரைனில் ஈசா டவுனில் குடியிருந்தோம். என் கணவர் கடலுக்குள் எண்ணெய்த் தளத்தில் டெக்னீஷியன். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் கன்னியாகுமரிக் கடற்கரை. மகளுக்குப் பள்ளியில் இரண்டாம் மொழி எடுக்க வேண்டிய வயது வந்தபோது, என்னோடு வேலை பார்த்த மலையாள நர்ஸ் சேச்சிகள் எல்லோரும் பிரெஞ்சு என்றார்கள். அதில் மார்க் அள்ளலாமாம். வீட்டில் பேசுகிற பாஷையை விட்டுவிட்டு எதற்கு ஊரான் பாஷை என்று நான் தமிழில் சேர்த்தேன். தமிழ் அவளுக்குச் சும்மா வரும் என்று நினைத்தேன்.

அவளைப் படிக்கவைத்த முறையும் என்னுடையதே. வளைகுடாவுக்கு வரும் நர்ஸ்கள் லைசென்ஸ் பரீட்சை எழுத வேண்டும். முன்னால் எழுதியவர்கள் வெளியே வந்ததும், நினைவில் நின்ற கேள்விகளைப் பின்னால் எழுதப் போகிறவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். பஸ்ஸிலும் ஹாஸ்டலிலும் அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சரியான பதிலைத் தட்டிவிட்டு வருவோம். நான் பாஸானது அப்படித்தான். அதையே மகளுக்கும் செய்தேன். பழைய கேள்வித்தாள்களைச் சேர்த்து, வரக்கூடிய ஐந்து கட்டுரைகளையும் நான்கு கடிதங்களையும் பொறுக்கினேன். டூட்டி இடைவேளையில் அவற்றை நிதானமாக வாசித்து வாய்ஸ் மெசேஜாக அனுப்புவேன். அவள் ஸ்கூல் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போவாள். மாலையில் நான் மீன் கழுவிக்கொண்டே ஒப்பிக்கச் சொல்வேன். ஒரு சொல் பிசகாது. 'மரம் வளர்ப்போம்' கட்டுரை முன்னுரையிலிருந்து முடிவுரை வரை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பரீட்சையில் அந்தக் கட்டுரையே வந்தது. நான் வார்டில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். பிறகு மார்க் வந்தது: எண்பதுக்குப் பத்தொன்பது. பாஸாக இருபத்தேழு வேண்டும். இரண்டு வாரத்தில் மறுபரீட்சை, அதிலும் தவறினால் இன்னொரு வருடம் எட்டாம் வகுப்பு என்று கடிதம் சொன்னது. கூடப் படித்த பெண்கள் எல்லோரும் ஒன்பதுக்குப் போய்விடுவார்கள்.

"நான் சொல்லித்தந்த கட்டுரைதானே வந்திச்சு? வேணும்னே எழுதாம வந்திருக்க, இல்லியா?"

"எனக்குத் தெரியும்மா. ஐ நியூ தி ஹோல் திங்."

"தெரிஞ்சா எழுதியிருப்பியே."

முதுகில் ஓர் அடி வைத்தேன். அவள் அழவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் விடைத்தாள் காட்டுவதற்காகத் தமிழ் டீச்சர் கூப்பிட்டிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சன்னமான குரல். தாளைப் புரட்டி என் முன்னால் வைத்தார். கட்டுரைக் கேள்வியின் நம்பர் போட்ட பக்கத்தில் ஏழு வரிகள் இருந்தன. எல்லாம் நான் வாசித்து அனுப்பிய வரிகள். ஒவ்வொரு எழுத்தும் கோலம் போட்டதுபோல் வளைத்து வளைத்து வரையப்பட்டிருந்தது. ஏழாவது வரி பாதியில் நின்றது. அதற்குப் பின்னால் வந்த கேள்விகளுக்கெல்லாம் வெற்றுத்தாள்தான்.

"டைம் முடியறப்ப நான் அவ பக்கத்துலதான் நின்னேன்," என்றார் டீச்சர். "'மிஸ், எனக்கு மீதி எல்லாம் தெரியும், சொல்லட்டுமா'ன்னு கேட்டா. சொல்றதைக் கேட்டு மார்க் போட எனக்கு வழி இல்லீங்க."

நான் மிச்சப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன்.

"வீட்ல எழுத வச்சுப் பாத்தீங்களா?"

ஒருநாள்கூட எழுதவைக்கவில்லை. தாளை மடித்து டீச்சரிடமே கொடுத்தேன். அவரே இரக்கப்பட்டுப் பேச்சை மாற்றினார். மனப்பாடம் எல்லாவற்றையும் தூரப் போடச் சொன்னார். எந்தக் கேள்வி வந்தாலும் சின்னச் சின்ன வாக்கியமாக, சொந்தமாக, ஆறு வரி எழுதினால் போதும். ஆனால் ஒரு கேள்வியையும் விடக்கூடாது என்றார்.

பன்னிரண்டு நாள் இருந்தது. கோடு போட்ட நோட்டு வாங்கி வந்து, ஃபோனில் பத்து நிமிட டைமர் வைத்து எழுதச் சொன்னேன். அவள் இரண்டு வரி எழுதுவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "யல்லா, யல்லா" என்று வார்டில் விரட்டுவதுபோல் விரட்டினேன். விரட்ட விரட்ட அவள் கை இன்னும் மெதுவானது. மூன்றாம் நாள் பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க எழுதுங்க. நான் டைம் பாக்கேன்."

இதென்ன பெரிய வித்தை என்று உட்கார்ந்தேன். நர்ஸிங் படிக்கப் போன நாளிலிருந்து நான் எழுதியதெல்லாம் ஆங்கிலம்தான். சார்ட், ரிப்போர்ட், லீவ் லெட்டர், கடைக்கு எழுதும் சீட்டு உட்பட. ஊருக்கு எல்லாம் வாய்ஸ் மெசேஜ். முதல் வரி நன்றாகப் போனது. மூன்றாவது வரியில் ஒரு சொல்லை அடித்துத் திருத்தி, திருத்தியதையும் அடித்தேன். சொல்ல வேண்டியது மனசுக்குள் முந்திக்கொண்டு ஓடியது, கை எங்கோ பின்னால் கிடந்தது. பத்து நிமிடத்தில் ஒன்பது வரி.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "இப்படித்தாம்மா எனக்கும்," என்றாள். அந்த அடியை நினைத்து என் உடம்பெல்லாம் கூசியது. மன்னிப்புக் கேட்டேன். சரியாகக் கேட்டேனா என்று தெரியவில்லை. பிள்ளையைக் கொஞ்சும் எங்கள் ஊர்ச் சொல்லில், "சாரி மக்களே" என்று தட்டிலிருந்த பழத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அதன்பின் தினமும் சாப்பாட்டு மேஜையில் ஆளுக்கொரு தாள். ஒரே கேள்வி, ஒரே கடிகாரம். நான் பகல் டூட்டியாக மாற்றி வாங்கிக்கொண்டு, மாலையில் வந்து அவளுக்கு எதிரில் உட்காருவேன். ஐந்து வரி, ஆறு வரி என்று அவள் கை கொஞ்சம் கொஞ்சமாக ஓடத் தொடங்கியது. அழகாக இருக்காது. ஆனால் முடித்துவிடுவாள்.

மறுபரீட்சை அன்று பள்ளி வாசலில் காருக்குள்ளேயே மூன்று மணி நேரம் இருந்தேன். ஏசி ஓடியும் வேர்த்தது. ஜெபம் செய்யத் தொடங்கினால் பாதியில் அது 'மரம் வளர்ப்போம்' ஆகிவிட்டது. வெளியே வந்தவள் விரலை உதறிக்கொண்டே காரில் ஏறினாள்.

"எல்லாத்துக்கும் எழுதினியா?"

"எழுதினேன்."

அதற்குமேல் கேட்கப் பயமாக இருந்தது. முடிவு வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் வார்டில் ஒவ்வொரு மருந்தையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். என் கண்ணை எனக்கே நம்ப முடியவில்லை. ஐந்தாம் நாள் காலை ஃபோனில் வந்தது: இருபத்தொன்பது. மருந்து அறைக்குள் போய் நின்று அழுதேன். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு சேச்சி தோளைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மேஜைமேல் ஒன்பதாம் வகுப்புப் படிவம் இருந்தது. அவளே நிரப்பியிருந்தாள். இரண்டாம் மொழி என்ற இடத்தில் பிரெஞ்சு. பெற்றோர் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

"பாஸாயிட்டியே மக்களே. இப்பதானே கை ஓடத் தொடங்கியிருக்கு."

"பேச்சுக்கு ஒரு கொறையும் வராதும்மா. உங்ககிட்ட எப்பவும் தமிழ்லதான் பேசுவேன். எழுத மட்டும் சொல்லாதீங்க. அந்தக் கோடு போட்ட தாளப் பாத்தாலே எனக்கு எழும்பி ஓடத் தோணுது."

எனக்குக் கோபம் வந்தது. என்னென்னவோ சொல்லத் தோன்றியது. அவள் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், முகத்தை அல்ல, கையை. அடிப்பேனோ என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிந்தபோது கோபம் போன இடம் தெரியவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

படிவத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு அவள் என் அருகில் வந்து உட்கார்ந்தாள். வகுப்பில் யார் யாருடன் சண்டை, எந்த மிஸ் ஊருக்குப் போகிறார், பஸ்ஸில் என்ன நடந்தது என்று அன்று மாலை முழுதும் நிறுத்தாமல் பேசினாள். எல்லாம் தமிழில். எனக்கு அழுகை வந்தது. அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லி எழுந்துபோனேன்.